கட்டம், கரை, கறை: அரூப ஓவியத்தில் அரசியலைப் படிப்பது எப்படி

காட்பாடி ரயில் நிலையப் படியில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி ஒன்று இறங்கி வருகிறது. கட்டியிருப்பவரின் முகம் இன்னும் தெரியவில்லை, கட்சி தெரிந்துவிட்டது. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு சேர்ந்தால் கட்சியே வேறு என்பதும் தெரியும். அங்கே உருவம் இல்லை, எழுத்து இல்லை, சின்னம் இல்லை. துணியின் ஓரத்தில் இரண்டு நிறம், அவ்வளவுதான்.

இவ்வளவு கூர்மையாகப் படிக்கத் தெரிந்தவர்தான் அரூப ஓவியத்தின், அதாவது ஆளோ பொருளோ இன்னதென்று தெரியாமல் நிறமும் கோடும் வடிவமுமாக நிற்கும் ஓவியத்தின், முன்னால் நிறுத்தினால் “நமக்கு இதெல்லாம் புரியாதுங்க” என்று நகர்ந்துவிடுகிறார். இன்னொரு வகை ஆளும் உண்டு. சிவப்பு என்றால் புரட்சி, கறுப்பு என்றால் துக்கம், வெள்ளை என்றால் சமாதானம் என்று கையில் அகராதி வைத்திருப்பவர் போல அடுக்கிக்கொண்டே போவார். முதல் ஆளைத் தேற்றிவிடலாம். இரண்டாவது ஆளுக்கு அந்த அகராதியை மறக்கவைப்பதுதான் பெரிய வேலை.

கரை வேட்டி நமக்குப் புரிவது நிறத்தால் மட்டும் அல்ல. அது வேட்டியின் ஓரத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில் இருக்கிறது, திமுக பிறந்த 1949க்குப் பிறகு இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றை உருவிவிட்டால் அர்த்தம் சரிந்துவிடும். அதே கறுப்பு சிவப்பு ஆரணிப் பட்டின் முந்தானையில் வந்தால் யாரும் கட்சி பேச மாட்டார்கள். ஆகவே “இந்த நிறத்துக்கு என்ன பொருள்?” என்று கேட்காதீர்கள். இந்த நிறம் எதன் மேல் இருக்கிறது, எந்த இடத்தில், எந்த ஆண்டில், எதற்குப் பக்கத்தில் என்று கேளுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த நான்கு கேள்விகளை ஒரு படத்தின் முன்னால் நின்று எப்படிக் கேட்பது என்பதுதான்.

முதல் பத்து நிமிடம்: சீட்டைப் படிக்காதீர்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் போதும். பேனா வேண்டாம், பல காட்சிக்கூடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் மனசுக்குத் தோன்றுவது. மேலே தீப்பெட்டி அளவுக்குப் படத்தின் நகலை வரைந்துகொள்ளுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தப் பெரிய பகுதி எந்த ஓரத்தைத் தொடுகிறது என்பது தெரிந்தால் சரி.

பிறகு மூன்று தூரத்திலிருந்து பாருங்கள். ஐந்து மீட்டரில் பெரிய பகுதிகளின் எடை தெரியும். இரண்டு மீட்டரில் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி உரசுகின்றன என்று தெரியும். ஒரு கை நீளத்தில் வேலை தெரியும்: எந்த நிறம் முதலில் வந்தது, எது மேலே ஏறியது, எங்கே சுரண்டியிருக்கிறார், எங்கே துணி அப்படியே விடப்பட்டிருக்கிறது. வழிந்த நிறத்தின் திசையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வழிசல் பக்கவாட்டில் ஓடினால் கேன்வாஸைத் திருப்பி வைத்து வரைந்திருக்கிறார் என்று பொருள். வழிசலே இல்லாமல் நிறம் குட்டை கட்டி நின்றிருந்தால் தரையில் படுக்கவைத்துச் செய்திருக்கலாம்.

இடது பக்கத்தில் பன்னிரண்டு வரியாவது சேராமல் வலது பக்கத்துக்குப் போகக் கூடாது. கேட்பதற்குச் சுலபமான விதி, கடைப்பிடிக்கும்போதுதான் கஷ்டம் தெரியும். “சோகமான நீலம்” என்று கை தானாக எழுதிவிடும். சோகம் கண்ணுக்குத் தெரிகிற பொருள் அல்ல. அது வலது பக்கத்துச் சரக்கு. இடது பக்கத்தில் இப்படி இருக்க வேண்டும்: “வெளிறிய நீலம். மேல் ஓரத்திலிருந்து நான்கு விரல் கீழே. இடது ஓரத்தைத் தொடுகிறது, வலது ஓரத்தைத் தொடவில்லை. முடியும் இடம் கத்தியால் அறுத்ததுபோல் நேராக இருக்கிறது.” கடைசி இரண்டு வரியில்தான் பின்னால் அர்த்தம் கிடைக்கும்.

படம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு, இது கேலி இல்லை. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1941இல் ஒட்டுநாடாக்களால் செய்த ஒரு படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே இருந்திருக்கிறது என்று 2022இல்தான் பேச்சு எழுந்தது. நிபுணர்களே சறுக்கிய இடம் என்பதால் நீங்கள் சந்தேகப்படுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்போது சீட்டு

படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, யாருடைய சேகரிப்பு என்று ஐந்து விவரம் இருக்கும். எல்லோரும் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். உண்மையில் ஆண்டும் பொருளும்தான் அதிகம் பேசும்.

ஆண்டை முதலில் சரிபாருங்கள். ஓவியர் மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ ரஷ்யப் புரட்சியின் சின்னம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது காட்சிக்கு வந்தது 1915 டிசம்பரில், பெத்ரோகிராதில். புரட்சி 1917. இரண்டு ஆண்டுக்கு முன்னால் வந்த படம் பின்னால் நடந்ததைக் கொண்டாட முடியாது. அந்தப் படத்தின் அரசியல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அறையின் மேல்மூலையில், ரஷ்ய வீடுகளில் சாமி படம் மாட்டும் இடத்தில் மாட்டினார்கள். நம் வீட்டுப் பூஜை அலமாரியில் சாமி படத்தை எடுத்துவிட்டு ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்தால் பாட்டி என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். சண்டை எதைப் பற்றியது என்று புரிந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாலெவிச் அந்தப் படத்துக்கு 1913 என்று முன்தேதி போட்டார். ஓவியர் கைப்பட எழுதிய ஆண்டானாலும் முதல் காட்சியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

தலைப்பு இருந்தால் அது எந்தக் காலத்துச் சொல் என்று பாருங்கள். ‘வட ஆற்காடு’ என்று 1975இல் ஒரு படத்துக்குப் பெயர் இருந்தால் அது வெறும் முகவரி. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்து ஒரு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மறுபாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆனது. பிறகு முதல் பாதி வேலூர் மாவட்டமாகி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆக 2005இல் ஒருவர் தன் படத்துக்கு ‘வட ஆற்காடு’ என்று பெயர் வைத்தால் அரசுப் பதிவேட்டில் இல்லாத ஊரை வேண்டுமென்றே அழைக்கிறார். அவர் ஏன் அப்படி அழைத்தார் என்பதே ஆராயத் தகுந்த கேள்வி.

‘தலைப்பிடப்படாதது’ என்று மட்டும் இருந்தால் கதவு அடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே ஓவியரின் முன்பின் ஐந்து ஆண்டுப் படங்களைத் தேடுங்கள். அரூப ஓவியர்கள் பெரும்பாலும் தொடராகத்தான் வேலை செய்வார்கள். அமெரிக்க ஓவியர் ராபர்ட் மதர்வெல் 1948 முதல் ‘ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பா’ என்ற தொடரில் நூற்றுக்கும் மேல் படங்கள் வரைந்தார். எல்லாவற்றிலும் கனத்த கறுப்பு முட்டை வடிவங்கள், அவற்றை நெருக்கும் கறுப்புத் தூண்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் அது ஒரு வடிவமைப்பு. நூறாவது தடவையும் அதே வடிவம் திரும்பி வரும்போது, 1939இல் வீழ்ந்த ஒரு குடியரசுக்கு ஒருவர் வருஷா வருஷம் திதி கொடுப்பதுபோல ஆகிவிடுகிறது.

பொருள் பேசுவது

வேலூர் வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு இந்தப் பகுதியில் ஒரு சாதகம் இருக்கிறது. டெல்லியிலோ பாரிஸிலோ இருந்து வரும் விமர்சகர் தாண்டிப் போகும் இடத்தில் உங்கள் கண் நிற்கும்.

முதலில் தார். தமிழ்நாட்டில் தார் வெறும் கறுப்பு அல்ல. 1950களில் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தை அழித்தது தாரால்தான். எழுத்து இருக்கும் ஒரு பரப்பின் மேல், எழுத்தின் முனைகள் தெரியும்படி, தார் பூசிய படம் ஒன்றைத் தமிழ் ஓவியர் செய்தால் அந்த நினைவு உள்ளே வந்துவிடும். தார் அடியில் இருந்து அதன் மேல் மற்ற நிறங்கள் ஏறியிருந்தால் அது சாலையாகவோ வெறும் தளமாகவோ இருக்கலாம். எது மேலே, எது கீழே என்று ஒரு கை நீளத்தில் நின்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

காவியும் சுண்ணாம்பு வெள்ளையும் செங்குத்துப் பட்டைகளாக மாறி மாறி வந்தால் வெளியூர் விமர்சகருக்கு நவீனக் கோட்டோவியமாகத் தோன்றும், நமக்குக் கோயில் மதில். பட்டைகளின் அகலம் ஒரே அளவா, கீழே தரையோடு முடிகிறதா என்று பாருங்கள். மதில் பட்டைகள் தரையில் உட்காரும். மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் பறக்கும் பட்டைகளுக்கு அந்தப் பொருள் அவ்வளவு ஒட்டாது.

கட்டங்கள் இன்னும் சுவாரசியம். கட்டம் என்றால் மோந்திரியான் என்று கலைப் புத்தகம் சொல்லும். குடியாத்தத்துக்காரர் கைலி என்பார். இரண்டையும் பிரிக்க எளிய வழி, கோடுகள் சந்திக்கும் புள்ளியைப் பார்ப்பது. நெய்த கட்டத்தில் பாவும் ஊடும் (நீளவாட்டு நூலும் குறுக்கு நூலும்) ஒன்றன் மேல் ஒன்றாக மாறி மாறிப் போவதால் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் சதுரத்தில் இரண்டும் கலந்து இருண்ட மூன்றாவது நிறம் தோன்றும். ஓவியர் அந்தச் சந்திப்புச் சதுரங்களைத் தனி நிறத்தில் வைத்திருந்தால் துணியைத்தான் மனசில் வைத்திருக்கிறார். ஒரு கோடு இன்னொன்றின் மேலே தொடர்ச்சியாக ஏறிப் போனால் அது கம்பி, ஜன்னல், சிறை. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகளைச் சுற்றிப் போட்டிருக்கும் கூண்டும் அந்த வகைதான். பின்னால் இருக்கும் நிறம் நீலம் என்றால் கடைசியாகச் சொன்னதைத் தள்ளிவிட முடியாது.

நீலத்தை நம் ஊரில் ஒற்றைப் பொருளில் பிடித்துக்கொண்டால் தொலைந்தோம். அம்பேத்கரிய இயக்கக் கொடியின் நீலம் இருக்கிறது. விடுதலைச் சிறுத்தைகள் கொடியில் சிவப்போடும் வெள்ளை நட்சத்திரத்தோடும் வரும் நீலம் இருக்கிறது. பாட்டாளி மக்கள் கட்சிக் கொடியில் மஞ்சளோடும் சிவப்போடும் வரும் நீலம் இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலக்கும் நீலமும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் உடனே தெரிகிற ஒரு நீலம் இருக்கிறது. குரோம் போட்டுப் பதனிட்ட தோலின் வெளிறிய சாம்பல் நீலம் அது. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அதை வெட் ப்ளூ என்றே சொல்வார்கள். அதற்கு முந்தைய முறையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் பழுப்பாக இருக்கும். ஒரே படத்தில் பழுப்புத் தோலும் நீலத் தோலும் வந்தால் அங்கே இரண்டு நிறங்கள் மட்டுமல்ல, இரண்டு காலங்கள் நிற்கின்றன.

தோல் என்ற ஒரு பொருளுக்குள் இந்த ஊரில் குறைந்தது நான்கு அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கு 1806. முந்தைய ஆண்டு நவம்பரில் சென்னை ராணுவத்தில் வந்த உத்தரவு நெற்றிக் குறியையும் தாடியையும் தடை செய்து, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத் திணித்தது. ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தலைப்பாகையின் வடிவமும் அதில் தைத்த ஒரு துண்டுத் தோலும் அரசியல் ஆகுமா என்று கேட்பவருக்கு அந்தக் கோட்டையே பதில். இரண்டாவது அடுக்கு சாதி: தோலைத் தொடும் கையை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பது. மூன்றாவது பிழைப்பு: பாலாற்றங்கரை ஊர்களில் தோலும் ஷூவும்தான் பல்லாயிரம் வீட்டு அடுப்பு. நான்காவது நீர். டேனரிக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியவற்றில் அது முக்கியமான தீர்ப்பு.

ஒரு படத்தில் தோல் ஒட்டியிருந்தால் இந்த நான்கும் சேர்ந்து வராது. எது வருகிறது என்பதைப் படம்தான் காட்ட வேண்டும், உங்கள் பொது அறிவு அல்ல. தெரிந்த வரலாறு முழுவதையும் ஒரே படத்தின் தலையில் கட்டுவதுதான் படித்தவர்கள் செய்கிற முதல் தவறு.

எழுத்தும் கோடும்

தமிழ் எழுத்து வரும் அரூப ஓவியங்களில் ‘லை’, ‘னை’, ‘ணை’ எழுத்துகளைத் தேடுங்கள். யானைத் துதிக்கை போல முன்னால் சுழித்த பழைய வடிவமா, இன்றைய வடிவமா? பெரியார் 1930களிலேயே தம் இதழில் கொண்டுவந்த சீர்திருத்த வடிவத்தை அரசு ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய படத்தில் புது வடிவம் இருந்தால் ஓவியர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். 1990களில் வந்த படத்தில் பழைய துதிக்கை இருந்தால் மூன்று வாய்ப்பு: பழைய ஆவணத்திலிருந்து எடுத்த எழுத்து, பழமை மேல் ஒரு பற்று, அல்லது பள்ளியில் படித்த கைப்பழக்கம். கடைசியானது அரசியலே அல்ல என்பதை மறக்காதீர்கள்.

படிக்க முடியாத எழுத்தும் வரும். சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் செய்த ‘சொற்களும் குறியீடுகளும்’ தொடரில் மலையாளம் போன்ற எழுத்து, கணிதக் குறி, ஜாதகக் கட்டம் எல்லாம் நெருக்கமாக நிற்கும். பலர் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. அங்கே கேட்க வேண்டியது “என்ன எழுதியிருக்கிறது?” அல்ல. ஐரோப்பிய பாணியில் அதுவரை தேர்ச்சியாக வரைந்த ஒருவர், சுதந்திரம் வந்து பதினைந்து ஆண்டு கழித்து, ஏன் ஓலைச்சுவடி போன்ற பரப்புக்குத் திரும்பினார் என்பது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டால் 1966இல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலக் கலைக் கிராமமும், பட்டிக் (மெழுகு வைத்துச் சாயமிட்ட துணி) செய்து விற்று ஓவியர்கள் தங்கள் காலில் நின்றதும் அதே கதையின் பகுதியாகிவிடும். பண்பாட்டு அரசியல் என்பது எப்போதும் கோஷமாக வராது. இங்கே அது யாருடைய முறையில் வரைவது, யாரிடம் கைநீட்டாமல் வாழ்வது என்ற இரண்டு கேள்வியாக வந்தது.

கோட்டுக்கு அச்சுக் கலைஞர் ஜரீனா ஹாஷ்மியின் ‘பிரிக்கும் கோடு’ (2001) நல்ல பயிற்சி. வெளிர்ந்த காகிதத்தில் கோணலாக இறங்கும் ஒரு கறுப்புக் கோடு, வேறு ஒன்றும் கிடையாது. தலைப்பை மூடிவிட்டால் ஆறு, விரிசல், நரம்பு எதுவாகவும் இருக்கலாம். வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் 1947 ஆகஸ்ட் 17இல் வெளியான இந்தியா பாகிஸ்தான் எல்லை. இந்த இடத்தில் நிறுத்திவிடாமல் பொருளுக்குத் திரும்புங்கள்: அது மரச்செதுக்கு அச்சு. அந்த அச்சில் மை ஒட்டுவது மேடான பகுதியில். ஒற்றைக் கோடு கறுப்பாக வர வேண்டும் என்றால் அதன் இருபுறமும் உள்ள மரம் முழுவதையும் செதுக்கி எறிய வேண்டும். கோடு நிலைக்க இரண்டு பக்கத்து நிலமும் காலியாகிறது. அலிகாரில் பிறந்து, பிரிவினையின் விளைவாகக் குடும்பம் கராச்சிக்குப் போய்விட்ட ஒருவர் இந்த முறையைத் தேர்ந்தது தற்செயலா என்று கேட்டால், நம் கருத்து இல்லை என்பதே.

வங்கக் கலைஞர் சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ இதற்கும் ஒரு படி மேல். 1970களில் வெள்ளைக் காகிதக் கூழில் செய்தவை. நிறமே கிடையாது, வெள்ளையில் வெள்ளையாகக் கீறலும் குழியும்தான் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது; ஆகவே நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தையும் பிறகு தேபாகா விவசாயிகள் போராட்டத்தையும் நேரில் போய் வரைந்த கை அது என்று தெரிந்த பிறகு அந்தக் குழிகள் வேறு மாதிரி தெரியும். ஆனால் எந்தக் குழி எந்தச் சம்பவம் என்று ஒட்டவைக்க முயலாதீர்கள்.

முன்வாழ்க்கையை வைத்துப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் பெரிய வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அந்த வண்ணப் பரப்புகளுக்குள்ளும் காந்தியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் அதற்குப் பிடிமானம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அரசியல் இல்லாத படம் மட்டமான படம் அல்ல.

படம் யார் கையில் போனது

சில வேளை அரசியல் படத்துக்குள் இல்லை, படத்தைத் தூக்கிச் சென்றவரிடம் இருக்கிறது. பொல்லாக், ரோத்கோ போன்ற அமெரிக்க அரூப ஓவியர்களின் தலைமுறைப் படங்கள் 1958, 1959இல் ‘புதிய அமெரிக்க ஓவியம்’ என்ற காட்சியாக ஐரோப்பிய நகரங்களைச் சுற்றின. பனிப்போர்க் காலம் அது. சோவியத் கலை கட்டளைக்கு வரைகிறது, எங்கள் கலைஞன் சுதந்திரன் என்று காட்டிக்கொள்ள அமெரிக்காவுக்கு அந்தத் தெறிப்புகள் வசதியாக இருந்தன. அதே காலத்தில் பண்பாட்டுச் சுதந்திரம் பேசிய ஒரு பன்னாட்டு அமைப்புக்கு சி.ஐ.ஏ. பணம் போனது 1966, 67இல் அம்பலமானது. இதை வைத்துக்கொண்டு பொல்லாக் உளவாளி என்று எழுதிவிடக் கூடாது. வரைந்தவரின் நோக்கம் ஒன்று, பயன்படுத்தியவரின் நோக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நோட்டில் தனித்தனி வரி கொடுங்கள். சீட்டின் ஐந்தாவது விவரம், அதாவது யாருடைய சேகரிப்பு என்பது, இங்கேதான் உதவும்.

ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சீட்டில் இருப்பது: ‘படுகை’, 1998, கேன்வாஸில் ஆக்ரிலிக், மணல், தோல், 120 × 90 செ.மீ.

இடது பக்கத்துக் குறிப்புகள்: மேல் மூன்றில் ஒரு பங்கு தட்டையான பழுப்பு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய சாம்பல் நீலப் பட்டை. இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. அது தோல் துண்டு. முடியும் இடம் கத்தி வெட்டு. கீழே ஒட்டிய மணல். மணலின் மேல்விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, பொடிப்பொடியாக. கீழ் இடது மூலையில் சின்னதாகச் சிவப்பும் கரும்பச்சையும் கலந்த கட்டம்.

நீலத்தில் தொடங்குவோம். அது வெட் ப்ளூவா, மேலே பூசிய நீலமா? வெட்டுப்பட்ட ஓரத்தின் தடிமனைப் பாருங்கள். குரோம் தோலில் நீலம் உள்ளே வரை ஊறியிருக்கும். மேலே மட்டும் நீலம், உள்ளே பழுப்பு என்றால் அது வண்ணம் பூசிய தோல். அப்போது கொடி நீலத்துக்கும் வானத்துக்கும் வாய்ப்பு திறக்கிறது. இந்தப் படத்தில் உள்ளே வரை நீலம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வெள்ளைக் கோடு. மணலுக்கு மேல் படிந்திருக்கிறதா, அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறதா? அடியில் என்றால் அது கேன்வாஸுக்குப் போடும் முதல் பூச்சு, அதில் கதை இல்லை. மேலே படிந்திருந்தால் உப்பு அல்லது சுண்ணாம்பு என்று படிக்க இடம் உண்டு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பும், முடி நீக்கச் சுண்ணாம்பும் டேனரியில் புழங்குகிறவை. இரண்டும் நீரோடு வெளியே போகிறவை. கட்டத்தின் சந்திப்புகளில் நிறம் கலந்து இருண்டிருக்கிறது, ஆகவே கைலி.

இப்போது ஒவ்வொரு வாசிப்புக்கும் மூன்றில் ஒரு முத்திரை குத்துங்கள்: உறுதி, வலுவான ஊகம், என் எண்ணம். தலைப்பு ஆற்றைச் சொல்கிறது: உறுதி. நீலப் பட்டை நீரின் இடத்தில் தோலை வைத்திருக்கிறது: வலுவான ஊகம், ஏனெனில் மணலுக்கு மேல் நீர் இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறது, வெட்டுப்பட்டு நிற்கிறது. தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த படம் என்பது உறுதி. தீர்ப்புக்குப் பதிலாகவே வந்தது என்பது என் எண்ணம். கைலிக் கட்டம் ஒரு தொழிலாளியின் உடம்பைக் குறிக்கிறது என்பதும் என் எண்ணம்தான், ஏனெனில் கைலியை ஊரே கட்டுகிறது.

அதன் பிறகு எதிர்வாசிப்பு ஒன்றாவது எழுதியே ஆக வேண்டும். இந்தப் படம் டேனரியைக் குற்றம் சொல்கிறதா? வெளியூர்க்காரர் ஆம் என்று முடித்துவிடுவார். நீலத் துண்டு படத்திலேயே மிக நேர்த்தியாக, அன்போடு வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், கைலிக் கட்டமும் அதே கவனத்தோடு இருந்தால், அந்தத் தொழிலில் நின்ற கையின் மரியாதையும் உள்ளே இருக்கிறது. கறையும் சோறும் ஒரே இடத்திலிருந்து வந்த ஊர் இது.

எழுதும்போது

நோட்டில் உள்ளதை நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதிப் பாருங்கள். வர்ணனை இரண்டு வாக்கியம், ஆண்டும் இடமும் ஒரு வாக்கியம், உங்கள் வாசிப்பு ஒரு வாக்கியம், எதிர்வாசிப்பும் அதை ஏன் தள்ளினீர்கள் அல்லது ஏன் தள்ளவில்லை என்பதும் இரண்டு வாக்கியம். வாசிப்பு வாக்கியத்தில் “ஏனெனில்” என்ற சொல் வந்தே தீர வேண்டும். அதற்குப் பின்னால் வருவது இடது பக்கத்துக் குறிப்பாக இருக்க வேண்டும். வலது பக்கத்திலிருந்து வந்தால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். “ஓவியர் சமூக அவலத்தைச் சாடுகிறார்” என்ற வாக்கியத்தை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம். எங்கும் ஒட்டுவது எதையும் சொல்வதில்லை.

ஓவியரின் பேட்டி கிடைத்தால் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் உங்கள் கண் அவர் சொன்னதையே தேடும். அவர் சொன்னதும் ஒரு சாட்சியம்தான், தீர்ப்பு அல்ல. நாற்பது வயதில் வரைந்ததை எழுபது வயதில் விளக்குபவர் வேறு ஆள்.

எங்கே பழகுவது

காட்பாடியில் காலை ரயில் ஏறினால் ஒரே நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓவியக் காட்சியறையையும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துத் திரும்பலாம். இரண்டாவது இடத்தில் சென்னைக் கலைக் கல்லூரித் தலைமுறையினர் பலரை ஒரே கூரைக்குக் கீழே ஒப்பிடலாம். அன்று வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜும் அந்தத் தலைமுறைதான். அவர் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நிறத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஒரு நாளில் ஐந்து படத்துக்கு மேல் நோட்டு எடுக்காதீர்கள். ஆறாவது படத்தில் கண் பழைய குறிப்பைத் திரும்ப எழுத ஆரம்பித்துவிடும்.

போக முடியாதவர்கள் மார்கழியில் தெருவில் நடந்தாலே போதும். பத்து வாசல் சிக்குக் கோலத்துக்கு இடது பக்கக் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: புள்ளி எத்தனை, கோடு எங்கே தொடங்கி எங்கே மூடுகிறது, எங்கே தப்பியிருக்கிறது. கோலமும் அரசியலுக்கு வெளியே இல்லை. 2019 டிசம்பரில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் அங்கே போலீஸ் படித்தது கோலத்தோடு எழுதியிருந்த எழுத்தை.

கைபேசியில் படம் எடுத்தால் மூன்று விஷயம் கெடும். அளவு போய்விடும், ஆகவே பக்கத்தில் நிற்கும் ஆளோடு சேர்த்து ஒரு படம் தனியாக எடுங்கள். மேடு பள்ளம் போய்விடும். ஓரத்திலிருந்து சாய்வாக ஒன்று எடுங்கள், பிளாஷ் போடாமல். நிறமும் மாறும்: மஞ்சள் விளக்கின் கீழ் கேமரா தானாகச் சரிசெய்கிறேன் என்று சாம்பல் நீலத்தை வெறும் சாம்பலாக்கிவிடும், வீட்டுக்கு வந்து பார்த்தால் வெட் ப்ளூ சிமெண்டாகத் தெரியும். நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாளைப் படத்தின் அருகில், தொடாமல், பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நீலத்தை நம்ப வேண்டாம், இடது பக்கத்தில் எழுதியதை நம்புங்கள்.